தருமபுரி பக்கம் அரசு கலைக்கல்லூரியில் படிப்பவர்களைப் பற்றிச் சொல்வதில் எது உண்மை, எது சும்மா?

2014-இலிருந்து 2017 வரை தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு கலைக்கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம், கீழே ஒருவரைத் திட்டப்போகிறேன். எங்கள் ஊர் பாலக்கோட்டைத் தாண்டி உள்ளே. மூன்று வருடமும் தினம் பேருந்தில் போய் வந்தவள் என்பதால், இந்தப் பதிலில் பேருந்து கொஞ்சம் அதிகமாகவே வரும்.

எங்களுக்கு வைக்கும் முதல் பெயரும் அதில்தான் ஆரம்பிக்கிறது: "படியில தொங்குற பசங்க". உள்ளே இடம் இருக்கும்போதே தொங்குகிற நாலு பேர் எல்லா ஊரிலும் உண்டு, அவர்களுக்கு நான் வக்கீல் இல்லை. மற்றவர்களின் கணக்கு வேறு. எங்கள் ஊரிலிருந்து அரசுப் பேருந்து காலை 7:40-க்கு ஒன்று, அதை விட்டால் பத்தேகாலுக்கு. நடுவில் இரண்டு தனியார் பேருந்து வரும். உட்கார இடம் இருக்கும், பாட்டும் போடுவார்கள். ஆனால் அதில் இலவச பாஸ் செல்லாது. போக வர இருபது ரூபாய்க்கு மேல் ஆகும், மாதத்துக்குக் கூட்டிப் பாருங்கள். பாஸ் உண்டு, டியூஷன் ஃபீஸ் கிடையாது என்றுதான் பாதிப் பேரை அரசுக் கல்லூரிக்கே அனுப்பினார்கள். பின்னாலேயே காலியாக ஒரு வண்டி வந்தாலும் இதிலேயே தொங்குவது அதனால்தான்.

நான் முன்னாடி நிறுத்தத்தில் ஏறுகிறவள், சீட் கிடைத்துவிடும். அதற்கு வரியாக மடியில் ஆறு பை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆள் ஏறுவதற்கு முன்பே ஜன்னல் வழியாகப் பை உள்ளே வரும், "அக்கா, புடிங்க". யார் வீட்டு டிபன் பாக்ஸ் மூடி சரியில்லையோ அவர்கள் வீட்டுப் புளிக்குழம்பு என் சுடிதாரில். ஜிப் போய் ஊக்கு குத்தியிருந்தால் தமிழ் டிபார்ட்மெண்ட் பையன், கட்டைப்பை என்றால் கெமிஸ்ட்ரி பெண் என்று முகம் பார்க்காமலே சொல்லிவிடுவேன். நடத்துநர் பின்னாலிருந்து "பாஸெல்லாம் உள்ள போ, பாஸெல்லாம் உள்ள போ" என்று கத்திக்கொண்டே வருவார். மூன்று வருடம் எங்கள் பெயர் அதுதான், பாஸ்.

அடுத்து, "ஒன்றரை மணிக்கு மேல ஆர்ட்ஸ் காலேஜ்ல காக்காகூட இருக்காது, படிக்கவா வர்றாங்க?" முதல் பாதி உண்மை. எங்களுக்கு ஷிப்ட் முறை, காலை ஷிப்ட் மதியத்தோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் பையன்கள் செல்போன் கடைக்கோ பெட்ரோல் பங்குக்கோ போய்விடுவார்கள். முகூர்த்த நாள் என்றால் காலையிலேயே பாதி வகுப்பு காலி. மண்டபத்தில் பந்தி பரிமாறப் போயிருப்பார்கள். ஒருமுறை எங்கள் ஆசிரியர் ஒருவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சாம்பார் வாளியோடு வந்து நின்றவன் அன்றைக்கு 'காய்ச்சல்' என்று லீவ் லெட்டர் கொடுத்தனுப்பியவன். "சார், இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டானாம். அவரும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாராம்.

என் வேலை தக்காளி. எங்கள் பக்கம் வேறென்ன. மண்டிக்குப் போகும் வண்டி வருவதற்குள் பறித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும், அதனால் விடியும் முன்பே தோட்டத்தில் இருப்போம். தக்காளிச் செடியில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், கையில் பச்சையாக ஒட்டி, காய்ந்ததும் கறுத்துவிடும். சோப்புக்கு அசையாது. தக்காளிக்காயை நசுக்கித் தேய்த்தால்தான் விடும். 7:40-ஐப் பிடிக்கிற ஓட்டத்தில் அதற்கு எங்கே நேரம்? முதல் செமஸ்டரில் ஓர் ஆசிரியர் என் அசைன்மென்ட் தாளின் ஓரத்தில் இருந்த விரல் தடத்தைப் பார்த்துவிட்டு, "கை கழுவுற பழக்கமே இல்லியா? இந்த காலேஜுக்குன்னே வந்து சேருதுங்க" என்றார். வகுப்பே சிரித்தது. சிரித்ததில் இரண்டு பேர் கையும் என் கை மாதிரிதான். மறுநாளிலிருந்து பையில் ஒரு தக்காளிக்காய் வைத்துக்கொண்டு பேருந்திலேயே தேய்க்க ஆரம்பித்தேன். மடியில் ஆறு பையோடு அதைச் செய்வது தனி வித்தை. அவர் சொன்னதை இன்னும் மன்னிக்கவில்லை.

"மார்க் இல்லாதவங்கதான் அங்க சேருவாங்க" என்பதை இப்போது பி.காம். கலந்தாய்வுக்குப் போய் நின்று பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள். பிளஸ் டூ மார்க்கில் மொழிப் பாடங்கள் இரண்டையும் விட்டுவிட்டு மீதி நான்குக்கும் 400-க்குத் தரவரிசை போடுகிறார்கள், சில துறைகளில் முதல் நாளிலேயே இடம் தீர்ந்துவிடும். நானே பி.காம். கேட்டுக் கிடைக்காமல் வரலாற்றுக்கு வந்தவள்.

இங்கிலீஷ் வராது என்பது? உண்மை, மறைக்க ஒன்றுமில்லை. எனக்கு இரண்டு அரியர் விழுந்தது, இரண்டும் இங்கிலீஷ்தான். படிப்பு முடித்து ஓசூரில் ஒரு கம்பெனி இன்டர்வியூவில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று இங்கிலீஷில் கேட்டபோது ஊர் பெயருக்கு மேல் வாய் வரவில்லை. ஆனால் அதே தமிழ்வழிப் படிப்புக்கு வேறொரு கதவில் மரியாதை உண்டு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-இலேயே வந்துவிட்டது. மாநில அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வில் 200 கேள்வியில் 100 தமிழ். "டிகிரி முடிச்சிட்டு பத்தாவது தகுதிக்கு எழுதுற பரீட்சைக்கு மூணு வருஷம் உக்காந்திருப்பாங்க" என்று கிண்டல் செய்வார்களே, அதுவும் உண்மைதான். நான் உட்கார்ந்தேன், இரண்டாவது தடவையில் கிடைத்தது.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்வார்கள், "கல்யாணப் பத்திரிகையில பி.ஏ. போடத்தான் வர்றாங்க". இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சிறு வயதுக் கல்யாணம் எவ்வளவு சகஜம் என்று இங்கே வளர்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே எங்கள் வீட்டுக்கு இரண்டு ஜாதகம் வந்தது. அம்மா இரண்டு பேரிடமும் ஒரே வார்த்தைதான் சொன்னார், "பாப்பா காலேஜ் போகுதுங்க". வேண்டாம் என்று சொன்னால் சண்டை, காலேஜ் என்று சொன்னால் காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த வார்த்தைக்கு மூன்று வருட ஆயுள், எம்.ஏ. சேர்ந்தால் ஐந்து. எங்கள் வகுப்பில் இரண்டு பேர் இரண்டாம் வருடம் தாலியோடு வந்தார்கள். இன்னொருத்தி தாலி கட்டிய பிறகு வரவே இல்லை.

2022 செப்டம்பரிலிருந்து, ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. உடனே புதிதாக ஒன்று கிளம்பிவிட்டது: "ஆயிரம் ரூபாய்க்கு வர்றாங்க". என் சித்தி மகள் அதில் டைப்ரைட்டிங் ஃபீஸ் கட்டுகிறாள், மீதி ரீசார்ஜ். ஆயிரம் ரூபாய்க்காகவே வந்தால்தான் என்ன?

எங்களைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. எங்களுக்குக் கல்லூரி என்றால் கல்லூரி இல்லை, அந்தப் பேருந்துதான். நூலகத்துக்கு மூன்று வருடத்தில் பத்து தடவை போயிருப்பேன். மதியப் பேருந்தை விட்டால் சாயங்காலம்தான். மரத்தடியில் உட்கார்ந்து பேசின சீனியர், ஆண்டு விழா ஒத்திகை, எதுவும் எனக்கு நினைவில்லை, இருந்தால்தானே.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படம் தவிர எதுவும் வராது. உயிரோடு இருப்பது பேருந்துக் குழுதான், பெயரே '7:40'. பதினோரு பேர். ஓசூரில் ஃபேக்டரி, பெங்களூருவில் பேக்கரி, போலீஸில் இருவர், கல்யாணமாகி திருப்பூரில் ஒருத்தி என்று ஆளுக்கொரு பக்கம். போன மாதம் ஊரிலிருக்கும் ஒருவன், வண்டி இப்போது 7:25-க்கே எடுக்கிறார்கள் என்று போட்டான். எங்களில் ஒருவருக்கும் இனி அதில் ஏற வேண்டிய வேலை இல்லை. அன்றைக்கு ராத்திரி பன்னிரண்டு மணி வரை குழுவில் ஒரே சண்டை. தக்காளி வண்டி போவதே ஏழேகாலுக்குத்தானே, 7:25 என்றால் அந்தப் பிள்ளைகள் எப்படி வந்து ஏறும்?