பன்னிரண்டே படம்: யாஷிகா மேட் 124ஜி கேள்வி பதில்

1970இல் வந்த ஜப்பான் கேமரா. மேலே ஒரு லென்ஸ் பார்க்க, கீழே ஒரு லென்ஸ் எடுக்க. 120 ஃபிலிமில் 6×6 செ.மீ. அளவில் 12 படம், அவ்வளவுதான். இதை வைத்திருப்பவர்கள் கேட்டதில் சில கேள்விகளும் என் பதில்களும்.

அண்ணா, தாத்தாவின் பீரோவில் கிடைத்தது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் முள் அசையவே இல்லை. கேமரா போய்விட்டதா?

போகவில்லை தம்பி. பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான், படம் எடுக்கும்போது திறந்து மூடும் ஷட்டர் முழுக்க ஸ்பிரிங். அது கேட்கிற 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் முள் ஆடும், சொல்வது தப்பாக இருக்கும். காது மெஷினுக்குப் போடும் 675 பேட்டரி ஏறத்தாழ சரியாக வரும். அளவு சிறியது, சுற்றி ஒரு வளையம் வைக்க வேண்டும்.

மீட்டரைவிட ஷட்டரைப் பாருங்கள். ஃபிலிம் போடாமல் 1 விநாடிக்கு வைத்து அழுத்துங்கள். ‘கர்ர்’ சத்தம் நடுவில் திணறினால் உள்ளே பழைய எண்ணெய் இறுகியிருக்கிறது, மெக்கானிக்கிடம் கொடுங்கள். தையல் மிஷின் எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள். அது ஷட்டர் இதழில் படர்ந்தால் இதழ்கள் ஒட்டிக்கொள்ளும்.

மீட்டர் இல்லாமல் வெளிச்சத்தை எப்படிக் கணிப்பது?

நல்ல வெயிலில் லென்ஸ் துளையை எஃப்/16இல் வையுங்கள் (எண் கூடினால் துளை சிறிது), ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணை, அதாவது பெட்டியில் போட்டிருக்கும் வேக எண்ணை, ஒட்டி இருக்கட்டும். 400 ஃபிலிம் என்றால் 1/500. மேகம் மூடினால் எஃப்/8, திறந்த நிழலில் எஃப்/5.6 அல்லது 4. சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம், கூடவே கொடுங்கள். நெகட்டிவ் அதிக வெளிச்சத்தைத் தாங்கும். வெளிச்சம் குறைந்துபோனால் நிழல் பகுதியில் ஒன்றுமே பதியாது, பிறகு யார் வந்தாலும் எடுத்துத் தர முடியாது.

சார், முதல் ரோல். நெகட்டிவின் ஓரங்கள் கறுத்துப்போய் வந்தன. கேமராவில் ஓட்டையா?

ஓட்டையாகவும் இருக்கலாம், பின்மூடியின் ஸ்பாஞ்ச் பொடிந்திருக்கிறதா பாருங்கள். ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது ரோலை வெளியே எடுத்த விதத்தை. 35 எம்.எம். போல இதற்கு டப்பா கிடையாது. ஃபிலிமைக் காப்பது பின்னால் உள்ள காகிதம் மட்டுமே. சுற்று தளர்ந்தால் ஓரம் வழியாக வெளிச்சம் புகுந்துவிடும்.

தங்கை கல்யாணத்தன்று மண்டப வாசலில், உச்சி வெயிலில் நின்று ரோல் மாற்றினேன். யாரோ கூப்பிட, ஒட்டாமல் அப்படியே சட்டைப் பையில் போட்டேன். மாலை மாற்றும் படம் ஒன்றுகூடத் தேறவில்லை. இன்றும் வீட்டில் அந்தப் பேச்சு வரும். நிழலில் நின்று, விரலால் அழுத்திப் பிடித்து, காகிதப் பட்டையை நக்கி ஒட்டிவிட்டுத்தான் வேறு வேலை.

பின்மூடிக்குள் 12, 24 என்று இருக்கிறதே?

24 என்பது இரு மடங்கு நீளமான 220 ஃபிலிமுக்கு. 120க்கு 12லேயே இருக்கட்டும்.

குனிந்து பார்க்கும் திரையில் இடம் வலம் மாறித் தெரிகிறது, ஆளைத் துரத்தவே முடியவில்லை.

கண்ணாடி ஒன்றுதான் இருக்கிறது, அதனால் தலைகீழ் மட்டும் சரியாகும், இடம் வலம் மாறியே இருக்கும். இரண்டு ரோலில் கை பழகிவிடும். துரத்தாதீர்கள், ஆள் வரப்போகும் இடத்தில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். கீழ் லென்ஸை விரலோ வாரோ மறைத்தாலும் மேலே படம் பளிச்சென்றுதான் தெரியும், அதையும் கவனியுங்கள்.

சென்னையில் வீட்டிலேயே ஃபிலிம் கழுவலாமா? குழாய்த் தண்ணீரே 30 டிகிரி.

கறுப்பு வெள்ளை தாராளமாக. எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரை (படத்தைத் தெரியவைக்கும் கரைசல்) ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்தால் 20 டிகிரியில் 13 நிமிடம். 30 டிகிரியில் நேரம் மிகவும் குறுகிவிடும், 5 நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத் திட்டாக வரும். பேசினில் ஐஸ் தண்ணீர் வைத்து, டெவலப்பர், ஃபிக்ஸர் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்) பாட்டில்களை அதில் நிற்க வையுங்கள். ஐஸ் கட்டியை டெவலப்பருக்குள் போடாதீர்கள், கரைசல் நீர்த்துவிடும்.

உண்மையான தொல்லை வியர்வை. வெளிச்சம் புகாத சேஞ்சிங் பேக்குக்குள் கை விட்ட ஐந்தாவது நிமிடத்தில் ஃபிலிம் ஈரமாகி, கழுவுவதற்காகச் சுற்றும் ரீலில் ஏறாமல் அடம்பிடிக்கும். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, கையை நன்றாகத் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். கடைசியில் காகிதத்தோடு ஒட்டியிருக்கும் டேப்பை மெதுவாக உரியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் இருட்டில் பொறி மின்னும், அது ஃபிலிமிலும் பதியக்கூடும்.

விமானத்தில் ரோல் கொண்டுபோகலாமா?

செக்-இன் பெட்டியில் வேண்டவே வேண்டாம். கைப்பையிலும் சி.டி. ஸ்கேனர் (பல கோணத்தில் எக்ஸ்ரே எடுப்பது) வழியாகப் போனால் புகை படிந்தது போல் ஆகிவிடும். ரோல்களை உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பையில் தனியாகப் போட்டு, கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வரிசை நீளமாவதற்கு முன்பே போய்விடுங்கள்.