ரெட் ஒயினில் 'பிளெண்ட்' என்றால் என்ன, ஏன் கலக்கிறார்கள்?

இரண்டு மூன்று வகைத் திராட்சைகளைப் பெரும்பாலும் தனித்தனியாக நொதிக்க வைத்து, அப்புறம் ருசி பார்த்து அளவாகச் சேர்த்தால் அது பிளெண்ட். இத்தாலியின் டஸ்கனியில், 1385 முதல் ஒயின் தொழிலில் இருக்கும் ஆன்டினோரி குடும்பம் தயாரிக்கும் டின்யனெல்லோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 80% சாஞ்சோவேசே என்ற கருந்திராட்சை, மீதி கேபர்னே என்ற கருந்திராட்சை வகைகள்.

ஏன் கலக்க வேண்டும்? சாஞ்சோவேசேயில் புளிப்பும் செர்ரி மணமும் தூக்கல், நிறமும் கனமும் சற்றுக் கம்மி. அதைக் கேபர்னே ஈடுகட்டுகிறது. காபித்தூள் கடையில் மணத்துக்குப் பீபெரி, டிகாக்‌ஷன் திடத்துக்கு ரோபஸ்டா என்று சேர்த்து அரைக்கச் சொல்வோமே, அதே கணக்குதான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்தக் குடும்பத்தின் துணிச்சல். டஸ்கனியின் புகழ்பெற்ற ரெட் ஒயினான கியாந்தியின் பெயரில் விற்க, அப்போதைய விதிப்படி வெள்ளைத் திராட்சையும் சேர்த்தாக வேண்டும். அவர்களோ 1971 விளைச்சலில் கியாந்தி என்ற மதிப்பான பெயரையே விட்டுவிட்டு, சாதாரண மேசை ஒயின் என்ற முத்திரையோடு விற்றார்கள், 1975-இல் வெள்ளைத் திராட்சையை அடியோடு நிறுத்தினார்கள்.

பிளெண்ட் என்றாலே மிச்சம் மீதியைக் கலந்த மட்டமான சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு: டின்யனெல்லோ இத்தாலியின் விலை உயர்ந்த, பேர்பெற்ற ஒயின்களில் ஒன்று.