நெல்லைக்கு தெக்க 11 ஏக்கர் குடும்ப நிலத்துல நாங்களே ஒரு நகர் போட்டா மொதல்ல எதைப் பாக்கணும்?

தம்பி, கேள்விக்கு கீழ விவரமும் எழுதிருக்கீங்க. ரெட்டியார்பட்டி தாண்டி மூலைக்கரைப்பட்டி ரோட்டுப் பக்கம் புஞ்சை நிலம், அப்பாவும் ரெண்டு சித்தப்பாமாரும் கூட்டுப் பட்டா, புரமோட்டர் கையில குடுக்காம நீங்களே லேஅவுட் போட்டு விக்கலாம்னு வீட்டுல பேச்சு ஓடுது. நான் பாளையங்கோட்டைல ஒரு ஆபீஸ்ல 17 வருஷமா லேஅவுட் வரையுத வேலை பாக்கேன். அதோட நானும் ஊருக்கு வெளிய புதுசா போட்ட ஒரு நகர்லதான் மனை வாங்கி வீடு கட்டி 11 வருஷமா இருக்கேன், அதனால வரைஞ்சு தெரிஞ்சதும் இருந்து பட்டதும் ரெண்டையும் சேத்தே சொல்லுதேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

எங்க ஆபீஸ்க்கு வாரவங்க எல்லாரும் கேக்குத மொத கேள்வி "எத்தன மனை விழும்?" இதத்தான். நீங்க அதக் கேக்காதீங்க. தண்ணி எந்த வழியா வந்து எந்த வழியா போகுதுன்னு பாத்துட்டு அந்தத் தடத்த மொதல்ல கோடு போடுங்க, ரோடெல்லாம் அதுக்கு அப்புறம்.

நம்ம பக்கம் ஓடைன்னா வருஷத்துல பத்து மாசம் காஞ்சுதான் கெடக்கும். பிள்ளைக அதுல கிரிக்கெட் விளையாடும், டிராக்டர் போற பாதையாவே ஆயிருக்கும். மனை விக்கிறது பூரா பங்குனி, சித்திரை வெயில்ல, மழை வாரது ஐப்பசி, கார்த்திகைல, அதனால அட்வான்ஸ் குடுக்குத ஆளு அந்த எடத்துல தண்ணியப் பாக்குததே இல்ல. பெரிய ஓடையா இருந்தா எஃப்.எம்.பி. ஸ்கெட்ச்ல (சர்வே நம்பர் வாரியா நிலத்த அளந்து போட்ட அரசு வரைபடம்), கிராம வரைபடத்துல ஓடைப் புறம்போக்குன்னு தனி சர்வே நம்பரோட இருக்கும், அத யாரும் லேசுல தொட முடியாது. பிரச்சனை எங்கன்னா பட்டா நிலத்துக்குள்ளயே மழைத்தண்ணி வழக்கமா இறங்கி ஓடுத சின்னத் தடம் இருக்கு பாருங்க, அது எந்த ஸ்கெட்ச்லயும் வராது. அதத்தான் சரள் அடிச்சு மூடி மனையா பிரிச்சிருதாங்க.

2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட், கொக்கிரகுளம் எல்லாம் மூழ்குனது ஆத்து வெள்ளம், தாமிரபரணி கரை மீறி வந்தா என்ன செய்ய முடியும். ஆனா எங்க வீடு ஆத்துல இருந்து அஞ்சாறு கிலோமீட்டர் தள்ளி, மேட்டு நிலம்னு சொல்லி வித்த எடம். அங்கயும் இடுப்பளவு தண்ணி நின்னுச்சு. எங்க நகருக்கு மேக்க ஒரு மானாவாரிக் குளம் இருக்கு, அது பெருகி மறுகால் பாஞ்சா தண்ணி போக வேண்டிய தடத்த எங்க நாலாவது தெரு குறுக்க வெட்டுது, அந்தத் தெருவுக்கு அடியில ஒரு அடி விட்டத்துல ஒரே ஒரு குழாய் போட்டு வச்சிருந்தாங்க. குளத்துத் தண்ணி அந்தக் குழாய்க்குள்ள போகுமா? தெருவுக்குள்ளதான் வந்துச்சு. பிள்ளைக பாடப் புஸ்தகம், அரிசி மூடை, பத்திரப் பை, இவ்வளவுதான் மேல ஏத்த முடிஞ்சுது, ரெண்டு ராத்திரி மொட்ட மாடில எங்கம்மாவ வச்சுகிட்டு இருந்தோம், அவங்களுக்கு 74 வயசு.

தண்ணி வடிஞ்ச பிறகு அந்த நகரோட பிளான எடுத்துப் பாத்தேன். ரொம்ப சுத்தமா வரைஞ்சது, எல்லா மனையும் சதுரம், ஒரு கோடு பிசிறில்ல. ஆனா நிலத்தோட மட்டம் ஒரு எடத்துலயும் குறிக்கல. நான் வரைஞ்சு குடுத்த பழைய பிளான்லயும் எத்தன இதே மாதிரி போச்சோன்னு அன்னைக்குப் பூரா அதே நினைப்பு. அதுக்கப்புறம் லெவல் எடுக்காத நிலத்துக்கு நான் பிளான் வரையுததில்ல.

உங்க நிலத்துல டோட்டல் ஸ்டேஷன்னு சொல்லுத அளவைக் கருவி வச்சு, ஒரு அடி உயர வித்தியாசத்துக்கு ஒரு மட்டக்கோடு வாரமாதிரி சர்வே எடுங்க, 11 ஏக்கருக்கு அது பெரிய செலவில்ல. ஆனா அது மட்டும் போதாது. கோரையும் நாணலும் எங்க முளைச்சுக் கெடக்குன்னு பாருங்க, பத்தமடைப் பாய் முடையுத கோரை எந்த மாதிரி எடத்துல வளரும்னு நம்மூர்க்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, அது நிக்குத எடத்துல தண்ணியும் நிக்கும். அப்புறம் அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிற பெரியவரு யாராச்சும் இருந்தா ஒரு நாள் அவரக் கூட்டிகிட்டு நிலத்த சுத்தி வாங்க. எந்த வருஷம் எந்தக் குளம் உடைஞ்சுது, தண்ணி எந்தப் பனை வரைக்கும் ஏறுச்சுன்னு மரத்தத் தொட்டுக் காட்டுவாரு.

சரி, கணக்குக்கு வாரேன், சித்தப்பாமார் கேப்பாங்க. 11 ஏக்கர்னா 1100 சென்ட். ரோட்டுக்கு நூத்துக்கு முப்பது வச்சுக்கோங்க, 330 போச்சு. மிச்சம் 770. உங்க நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேல, அதாவது ரெண்டரை ஏக்கருக்கு மேல, அதனால ரோடு போக மிச்சத்துல பத்து சதவீதம் பூங்காவுக்கு விட்டே ஆகணும், அதுக்குப் பதிலா பணம் கட்டி தப்பிக்க முடியாது, அது 77 சென்ட். நலிவுற்ற பிரிவினருக்குன்னு சின்ன மனையா இன்னொரு பத்து சதவீதம், அதும் 77, அத விக்கலாம், ஆனா அந்தப் பிரிவு ஆளுகளுக்குத்தான் விக்கணும். டிரான்ஸ்ஃபார்மருக்கும் பொது உபயோகத்துக்கும் ஒரு சதவீதம், எட்டு சென்ட்னு வைங்க. ஆக சாதாரண மனையா கையில நிக்கிறது 600 சென்ட்டு சொச்சம்தான். 1100 சென்ட்டையும் இன்னைக்கு விலையால பெருக்கி வீட்டுல யாராச்சும் கனவு கண்டுட்டு இருந்தா இந்தக் கணக்க முதல் நாளே சொல்லிருங்க, பின்னால அண்ணன் தம்பிக்குள்ள மனஸ்தாபம் வரக்கூடாது.

அந்த 77 சென்ட் பூங்கா எடத்த என்ன செய்யுதீங்கன்னு சொல்லுங்க, உங்க நகர் எப்படி இருக்கும்னு நான் சொல்லிருதேன். பொதுவா என்ன நடக்குன்னா மனையெல்லாம் பிரிச்ச பிறகு மூலைல முக்கோணமா, கோணலா மிஞ்சுத துண்டுகளக் கூட்டி பத்து சதவீதம் வந்துட்டுன்னு காட்டிருவாங்க. நானே ஒரு நகருக்கு ஹெச்.டி. லைன் (உயரழுத்த மின்கம்பி) போற ஓரமா ஒரு முக்கோணத்த பூங்கான்னு வரைஞ்சு குடுத்திருக்கேன், வந்த ஆளு அப்படித்தான் வேணும்னு நின்னாரு, நானும் மறுத்துச் சொல்லல. போன வருஷம் அந்த வழியா போனேன், உடைமரம் மண்டிக் கெடக்கு, வீடு கட்டுனவங்க கழிச்ச கல்லும் மண்ணும் அங்கதான் கொட்டிருக்கு, பிள்ளைக ரோட்டுல விளையாடுது. நீங்க 77 சென்ட்டையும் ஒரே துண்டா வைங்க, நகருக்கு நடுவுல இல்லாட்டி நான் மேல சொன்ன தண்ணித் தடத்த ஒட்டி பள்ளத்துப் பக்கமா. கிட்டத்தட்ட 33,500 சதுர அடி வரும், பிள்ளைக நல்லா ஓடியாடி விளையாடலாம். பெருமழைக்கு அதுல ரெண்டு நாள் தண்ணி நின்னாலும் யாரு வீட்டுக்கும் சேதமில்ல, பூமிக்குள்ள இறங்கி சுத்தி உள்ள போர்வெல்லுக்கு ஊத்தாகும்.

நிலத்துல பனை நின்னா வெட்டாம பிளான் போடப் பாருங்க. 2021-ல இருந்து பனைய வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும். சட்டத்த விடுங்க, பூங்கா ஓரமா வரிசையா பத்துப் பனை நிக்கிற நகர் எவ்வளவு அழகா இருக்கும்!

ரோட்டு விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. உள்தெருவுக்கு 23 அடி போதும்னு சொல்லுவாங்க, பேப்பர்ல பாத்தா பெருசாத்தான் தெரியும். ரெண்டு பக்கமும் வாறுகால், ஈ.பி. போஸ்ட், வாசலுக்கு வாசல் சாய்தளம், அதுக்கு மேல ஒரு கார் நின்னா அந்தத் தெரு முடுக்கு மாதிரிதான். எம்-சாண்ட் லாரி உள்ள வந்தா திரும்ப முடியாது, பின்னாடியே போகணும். நம்மூர்ல நல்லதுக்கும் கெட்டதுக்கும் பந்தல் தெருவுலதான் போடுதோம், பந்தல் போட்ட அன்னைக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வரணும்னா எப்படி வரும்? எல்லாத் தெருவும் 30 அடி வைங்க, மெயின் 40 வைங்க. டவுன்ல நாலு ரதவீதியும் அகலமா இருக்கப்போய்தான் இன்னைக்கும் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரு மூலைக்கு மூலை திரும்பி நிலைக்கு வருது. உங்க தெருமுக்குலயும் மனையோட கூர்முனைய சாய்ச்சு வெட்டி விடுங்க, வண்டி திரும்ப வசதியா இருக்கும்.

அதவிட முக்கியம், பக்கத்து நிலத்துக்காரங்க கிட்ட இப்பவே பேசுங்க. இன்னைக்கு அது காடா கெடக்கலாம், அஞ்சு வருஷத்துல அங்கயும் ஒரு நகர் வரும். கங்கைகொண்டான்ல டாடா பவர் சோலார் கம்பெனி வந்திருக்கு, மேற்கு புறவழிச்சாலை வேலை நடக்கு, ஊரு எல்லாப் பக்கமும் நீளுது. உங்க தெருவும் அவங்க தெருவும் ஒரே நேர்ல சேரணும். எங்க நகருக்கும் அடுத்த நகருக்கும் நடுவுல ஒரு காம்பவுண்டு சுவர் நிக்குது, சுவருக்கு அந்தப் பக்கம் கூப்பிடுத தூரத்துல பால் கடை, ஸ்கூல் எல்லாம் இருக்கு, ஆனா நாங்க மெயின் ரோட்டுக்குப் போய் சுத்தி ஒன்றரைக் கிலோமீட்டர் போகணும். ஏழு வயசுப் பிள்ள நடந்து போக வேண்டிய ஸ்கூலுக்கு வேன் பிடிச்சு அனுப்புதோம். அந்த சுவர நினைச்சா எனக்கு இன்னும் ஆறல.

தெற்கு பாத்த மனை விக்காதுன்னு பயந்து எல்லாத் தெருவையும் தெக்கு வடக்கா ஓட்டி கிழக்கு, மேக்கு வாசலாவே பிரிக்காங்க. வாஸ்து பாக்கிறத நான் குறை சொல்லல, ஆனா நம்மூர் வெயில யோசிச்சுப் பாருங்க, காலைலயும் சாயந்திரமும் சாய்வா அடிக்கிற வெயில் முழுசும் கிழக்கு, மேக்கு சுவர்லதான் விழுது. கிழக்கு மேக்கா ஓடுத தெருவுல தெருப்பக்கச் சுவரே நீளச் சுவரா வடக்கும் தெக்கும் பாத்து இருந்தா வீடு சூடேறுதது குறையும், ஆனி ஆடில மேக்க இருந்து வார காத்தும் தெருவோட ஓடும். பாதியாச்சும் அப்படிப் போடுங்க, வடக்கு வாசல் மனைக்கு எப்பவும் ஆள் உண்டு, தெற்கு வாசல் கொஞ்சம் மெதுவா போகும், விலைய லேசா குறைச்சா போயிரும்.

செப்டிக் டேங்க், போர் ரெண்டுக்கும் எல்லா மனைக்கும் ஒரே மாதிரி எடம் குறிச்சு குடுங்க. 3 சென்ட்னா 1307 சதுர அடிதான், அதுல அவனவன் இஷ்டத்துக்குத் தோண்டுனா ஒருத்தர் செப்டிக் டேங்க் அடுத்தவர் போர ஒட்டி வந்துரும். டேங்க் எல்லாருக்கும் தெருப்பக்கம், போர் எல்லாருக்கும் பின்பக்கம்னு வச்சா அந்த ஆபத்து குறையும், பின்னால பாதாள சாக்கடை வந்தாலும் வீட்ட உடைக்காம இணைச்சுக்கலாம்.

பேப்பர் வேலை பத்தி நிறைய பேர் எழுதிருக்காங்க, சுருக்கமா சொல்லுதேன். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இல்லாம மனை போட்டு விக்கலாம்னு யாராச்சும் ஆசை காட்டுனா கிட்டயே சேக்காதீங்க. 2016 செப்டம்பர்ல ஐகோர்ட் அங்கீகாரமில்லாத மனைப் பதிவ நிறுத்துச்சு, அந்த மாதிரி மனைகள முறைப்படுத்த 2017-ல வரன்முறைத் திட்டம் வந்தது 2016 அக்டோபர் 20-க்கு முன்ன போட்ட மனைகளுக்குத்தான். 500 சதுர மீட்டருக்கு மேலன்னா ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் வேணும். ரோட்டையும் பூங்காவையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு குடுத்த பிறகுதான் இறுதி ஒப்புதல் வரும், அந்தப் பத்திரத்துல பூங்காவுக்கு நாலு பக்க எல்லையும் அளவும் தெளிவா எழுதி, நாலு மூலைலயும் கல் நட்டு, ஒப்படைக்கும்போதே வேலியும் போட்டுருங்க.

கடைசியா ஒண்ணு, நீங்க எழுதுன விவரத்துல "நிலத்துக்குள்ள ஒரு பழைய பாதை இருக்கு, பட்டால இல்ல"ன்னு போட்டிருக்கீங்க. அது எங்க போகுதுன்னு பாத்தீங்களா? நம்ம பக்கம் குளத்தங்கரைல சாஸ்தா கோயிலோ, விளைக்குள்ள சுடலை பீடமோ இருக்கும், வருஷம் பூரா யாரும் வராத மாதிரிதான் தெரியும். பங்குனி உத்திரத்துக்கு சென்னை, பம்பாய்னு எங்கெங்க இருந்தோ குடும்பம் குடும்பமா பொங்கல் பானையோட வந்து எறங்குவாங்க. அந்தப் பாதைய மனையா பிரிச்சு வித்துட்டா அன்னைக்கு வாசல்ல நிக்கிற சனத்துக்கு, மனை வாங்குன ஆளு பதில் சொல்ல வேண்டி வரும். அப்பாகிட்ட கேளுங்க, அவருக்குத் தெரியும். கோயிலுக்குப் போற பாதையா இருந்தா அதையே உங்க 40 அடி மெயின் ரோடா வச்சு வரைய ஆரம்பிங்க. ஐப்பசில ஒரு நல்ல மழை விட்ட மறுநாள் காலைல போய் தண்ணி நிக்கிற எடத்துல எல்லாம் குச்சி நட்டு போட்டோ எடுத்து வைங்க, அதையும் எஃப்.எம்.பி.யையும் சேத்துக் காட்டுனீங்கன்னா மேற்கொண்டு என்ன செய்யலாம்னு நான் பாத்துச் சொல்லுதேன்.