சிறுநீர்க் குப்பியா, டயாலிசிஸ் இயந்திரமா?

வணக்கம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். மாமியாருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். தன் பாட்டியான அந்த ஆயாவுக்குத் துணையாகப் போய்வந்த மகள், 11ஆம் வகுப்பில் இருந்துகொண்டு, "சிறுநீரில் வரும் செல்களைப் பார்த்து நோயைச் சொல்கிற வேலைதான் வேண்டும்" என்கிறாள். "டாக்டருக்குப் படி என்றால் மூத்திரம் சோதிக்கப் போகிறாளாம், டர்பன் சாட்ஸ்வர்த்தில் சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வது" என்று நீங்கள் கேட்கிறீர்கள். சொந்தக்காரர்களை விடுங்கள், அவர்கள் எதற்கும் ஏதாவது சொல்வார்கள்.

அவள் சொல்வது உண்மையான துறைதான். சிறுநீரக வடிகட்டியில் போடோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. உதிர்ந்தால் அவை எளிதில் திரும்ப முளைக்காது. நீரிழிவு, லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) போன்றவற்றில் இவை கழன்று சிறுநீரோடு வருகின்றன. போடோகேலிக்சின் என்ற புரதத்தை அடையாளமாக வைத்து அவற்றைப் பிடிக்கலாம். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போதும், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஏற்க மறுக்கும்போதும் டி செல்கள் என்ற எதிர்ப்புச் சக்தி வெள்ளணுக்கள் சிறுநீரில் கூடுகின்றன. ஃபுளோ சைட்டோமீட்டர் என்ற கருவி அவற்றை எண்ணித் தரும். இன்று உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் முதுகில் ஊசி குத்தி, சிறுநீரகத்தில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்கிறார்கள், அதுதான் பயாப்ஸி. இரத்தம் கசியும் ஆபத்து உண்டு, அடிக்கடி செய்யவும் முடியாது. சிறுநீரை நாளைக்கே திரும்பக் கேட்டு வாங்கலாம், அதனால்தான் இத்தனை ஆராய்ச்சி.

ஆனால் இது இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது. பயாப்ஸி எங்கும் போய்விடவில்லை. சிறுநீரில் செல்கள் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும் என்பதே பெரிய தலைவலி. அன்றாட ஆய்வகத்தில் அவள் பார்க்கப்போவது அல்புமின் என்ற புரதத்தின் அளவும், மைக்ரோஸ்கோப்பின் கீழ் உருக்குலைந்த சிவப்பணுக்களும்தான். இந்த ஒரு சோதனைக்கென்று தனிப் பட்டம் கிடையாது. கைத்தொழிலைக் கற்றுக்கொண்டால் சோதனை எப்போது வந்தாலும் செய்யலாம். ஒரு நல்ல விஷயம், எச்.ஐ.வி. நோயாளிகளின் சிடி4 என்ற எதிர்ப்புச் செல்களை எண்ணுவதற்காக ஃபுளோ சைட்டோமீட்டர் நம் தென்னாப்பிரிக்க ஆய்வகங்களில் பல ஆண்டுகளாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கையும் கண்ணும் பழகியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

சரி, படிப்பு. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் (நம் பெரியவர்கள் இன்னும் எம்.எல். சுல்தான் என்பார்களே, அந்தக் கல்லூரியும் டெக்னிகான் நேட்டாலும் 2002இல் சேர்ந்து உருவானது) நான்காண்டுப் படிப்புகள் இரண்டு உண்டு. மெடிக்கல் லேபரட்டரி சயின்ஸ் படித்தால் குப்பியும் மைக்ரோஸ்கோப்பும். கிளினிக்கல் டெக்னாலஜியில் நெஃப்ராலஜி (சிறுநீரகவியல்) பிரிவை எடுத்தால் ஆயாவுக்கு ஓடுகிறதே, அந்த டயாலிசிஸ் இயந்திரம். பெயர் இரண்டும் ஒன்று போலக் கேட்கும், வேலை வேறு. என்னிடம் வந்த ஒரு பையன் இரண்டாவதில் சேர்ந்துவிட்டு, "எங்கே சார் மைக்ரோஸ்கோப்பையே காணோம்" என்று போன் செய்தான். சேரும் முன் நான் இன்னும் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும். இரண்டிலும் முடித்த பின் மருத்துவத் துறைப் பணியாளர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலான எச்.பி.சி.எஸ்.ஏ.வில் பதிவு செய்தாக வேண்டும்.

செல் ஆராய்ச்சியே மூச்சு என்றால் பி.எஸ்சி., ஆனர்ஸ் முடித்து மெடிக்கல் சயின்டிஸ்ட் ஆகும் பாதையும் இருக்கிறது. டாக்டர் பாதையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆறாண்டு எம்.பி.சி.எச்.பி. மருத்துவப் பட்டம், இரண்டாண்டு பயிற்சி, ஓராண்டு சமூகச் சேவை, அதன்பிறகு சிறப்புப் படிப்பு, அப்புறம்தான் சிறுநீரக மருத்துவர். அவள் கேட்கிற கேள்விக்கு அது சுற்று வழி.

ஜூலை விடுமுறையில் ஏதாவது ஆய்வகத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். நாற்றம் பிடிக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரிந்துவிடும். டயாலிசிஸ் அறையில் இயந்திரம் பார்க்கும் டெக்னாலஜிஸ்டிடமும் பேசட்டும்.

ஒன்றை மட்டும் எழுத மறந்துவிட்டீர்கள். அவள் எடுத்திருப்பது மேத்ஸா, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசியா? அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும்போது 11ஆம் வகுப்பு மதிப்பெண்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். லிட்டரசி என்றால் நாளைக் காலையே பள்ளிக்குப் போய்ப் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.