நன்றாக ஓடும் விண்டோஸ் 10-ஐ மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸ் 10 எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடுகிறது. கணக்கு எழுதுவது, பிரிண்ட் எடுப்பது, நெட் பேங்கிங், அவ்வளவுதான் வேலை. விண்டோஸ் 11-க்கு மாறினால் வேகம் குறைந்துவிடுமோ என்று பயம். மாறட்டுமா, இப்படியே விடட்டுமா?

பதில்: கணக்கு எழுதுவதோடு நின்றிருந்தால் அவசரமே இல்லை என்றிருப்பேன். நெட் பேங்கிங் இருப்பதால் மாறிவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. சிஸ்டம் தொடர்ந்து ஓடும். நீட்டிப்புத் திட்டத்தில் சேராவிட்டால், புதிதாகத் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகளைத்தான் யாரும் அடைக்க மாட்டார்கள்.

முதலில் லேப்டாப் தாங்குமா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியே சொல்லிவிடும். விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு சிப்பான 'டிபிஎம் இல்லை' என்று காட்டினால் மனம் தளர வேண்டாம். பல லேப்டாப்புகளில் அது இருந்தும் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அடிப்படை செட்டிங்ஸில்) அணைந்து கிடக்கும். இன்டெலில் 'பிடிடி', ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் தேடிப் பாருங்கள். பயாஸில் கை வைக்கும் முன், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியைக் குறித்துவைப்பது முக்கியம். இல்லாவிட்டால் சிஸ்டம் அதைக் கேட்டுக்கொண்டு வாசலிலேயே நிற்கும்.

பிராசஸர் பழையதென்றால் கதை வேறு. இன்டெல் கோர் வரிசையில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்பார்கள். ஐ5-8250யு என்றால் எட்டு, தேறிவிடும். ஐ5-7200யு என்றால் ஏழு, தேறாது. குறுக்கு வழியில் ஏற்றலாம்தான், ஆனால் அப்டேட் வருமென்ற உத்தரவாதம் கிடையாது. அதற்குத்தானே மாறுகிறோம்? அப்படிப்பட்ட லேப்டாப்புக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டும் நல்ல வழி. ஆனால் உங்கள் கணக்கு மென்பொருள் அதில் ஓடுமா என்று முதலில் விசாரியுங்கள்.

வேகத்தைப் பற்றிய பயம் பாதி நியாயம். பழைய ஹார்டு டிஸ்க்கும் 4 ஜிபி ரேமும் இருந்தால் விண்டோஸ் 11 தவழும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சும்மா இருக்கும்போதே டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் முதலில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போடுங்கள், ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். பல பேருக்கு அதுவே புது லேப்டாப் வாங்கிய மாதிரி இருக்கும்.

அப்புறம், பிரிண்டருக்கு விண்டோஸ் 11 டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்றும் பாருங்கள். கோப்புகளை வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுத்த பிறகே தொடங்குங்கள். பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் 'ரெக்கவரி' வழியாகப் பழையதற்குத் திரும்பலாம். அதற்கு 10 நாள்தான் அவகாசம். அதனால் பிரிண்ட், கணக்கு இரண்டையும் முதல் வாரத்திலேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.