இரட்டைக் கயிற்றுப் பட்டம்: 35 ஆயிரம் கொடுக்கலாமா?

கேள்வி: திருவிடந்தை பட்டத் திருவிழாவில் இரண்டு கயிறு பிடித்துச் சுழற்றி ஆட்டும் பட்டங்களைப் பார்த்ததிலிருந்து எனக்கும் ஆசை. ‘இறக்குமதிப் பட்டம், பயிற்சி, உறுப்பினர் அட்டை சேர்த்து 35 ஆயிரம்’ என்கிறார் ஒருவர். இதுவரை பட்டமே விட்டதில்லை. மெரினாவில் பழகலாமா? (சென்னை வாசகர்)

பதில்: பணத்தை வெளியே எடுக்காதீர்கள். உறுப்பினர் அட்டை இல்லாமலே பட்டம் பறக்கும். இப்படித் தொகுப்பாக விற்பவர்கள் பெரும்பாலும் போட்டிக்கான மெல்லிய கார்பன் குச்சிப் பட்டத்தைத்தான் தலையில் கட்டுவார்கள். புதியவர் கையில் பட்டம் மூக்குக் குத்தி விழுந்துகொண்டேதான் இருக்கும். அந்தக் குச்சி முறியும். மாற்றுக் குச்சியும் அவரிடமே வாங்க வேண்டும். வியாபாரமே அதில்தான். நீங்கள் ஃபைபர்கிளாஸ் குச்சி போட்ட, ஒன்றரை மீட்டர் அகல முக்கோணப் பட்டம் கேளுங்கள். ‘புதுசுக்குச் சின்னது போதும்’ என்றால் நம்பாதீர்கள். சின்னப் பட்டம் படு வேகம், கைக்கு அடங்காது.

இரண்டு கயிறும் ஒரே நீளம்தானா என்று பாருங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே பட்டம் ஒரு பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். பலர் இது தெரியாமல் சூத்திரத்தை, அதாவது பட்டத்தில் கயிறு மாட்டுவதற்கான கட்டை, அவிழ்த்துக் கெடுத்துவிடுகிறார்கள். இரண்டு கயிறுகளின் ஒரு முனையை ஒரே முளையில் மாட்டி, மறுமுனைகளைச் சேர்த்து இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கயிறு என்றதும் சட்டம் வருகிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-ல் பட்டத்துக்கான நைலான், செயற்கை இழை நூல்களைத் தடை செய்தது. கழுத்தை அறுக்கும் மாஞ்சாவுக்காக வந்த தடை, வேண்டியதுதான். ஆனால் உலகம் முழுக்க இந்த வகைப் பட்டத்துக்குக் கட்டுவது டைனீமா போன்ற செயற்கைக் கயிறு. அதில் கண்ணாடித்தூள் இல்லை, யாருடைய நூலையும் அறுக்கும் வேலையும் அதற்கு இல்லை. இருந்தும் உத்தரவின் வாசகப்படி அதுவும் செயற்கை நூல். இப்படி ஒரு பட்டம் இருப்பதே எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. விளக்கம் கேட்டுப் போனால் காவல் நிலையம் ஆட்சியர் அலுவலகத்தைக் காட்டும், ஆட்சியர் அலுவலகம் காவல் நிலையத்தைக் காட்டும். ‘அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க’ என்று விற்பவர் சொல்வார். பறிமுதல் செய்தால் அவரா வந்து நிற்பார்? எழுத்தில் அனுமதி கிடைக்கும்வரை பூச்சில்லாத பருத்திக் கயிற்றில் 10, 12 மீட்டர் விட்டுப் பழகுங்கள். கயிறு கனம், கொஞ்சம் இழுபடும், அதனால் பட்டம் சற்றுத் தாமதமாகத்தான் திரும்பும். இடம் வலம் பழக அது போதும்.

மெரினா வேண்டவே வேண்டாம். மதியத்துக்கு மேல் அங்கே கடற்காற்று. காற்று போகும் பக்கம்தான் பட்டமும் போகும். அந்தப் பக்கம் கூட்டமும் சாலையும். உங்கள் கயிற்றின் நீளம் எவ்வளவோ, அவ்வளவு தூரத்துக்கு எதிரே ஆள் இருக்கக் கூடாது. மின்கம்பி இல்லாத, ஆள் நடமாட்டம் குறைந்த அகலமான கடற்கரையைத் தேடுங்கள். மணிக்கு 10 முதல் 20 கிலோமீட்டர் காற்று, அதாவது இலையும் சிறு கிளையும் விடாமல் ஆடும் காற்று இருந்தால் சரி. இடி கேட்டால் உடனே இறக்கிவிடுங்கள்.

அப்புறம், இடது கையை இழுத்தால் பட்டம் இடது பக்கம் திரும்பும். கைகளைச் சமமாக்கினால் நேராகப் போகும். சுற்றும்போது கயிறு முறுக்கிக்கொண்டாலும் பயப்படாதீர்கள். அதே எண்ணிக்கையில் எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கு பிரிந்துவிடும்.