ஐந்தாம் மாதத்தில் பிரஷர் 95/60: இரத்தம் வற்றிவிட்டதா?

மனைவிக்கு ஐந்தாம் மாதம், கிளினிக்கில் பிரஷர் 95/60, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிற்கும்போது கண் இருட்டுகிறது, இரத்தம் வற்றிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்தில் தாதியாக இருக்கிறேன். மாமியார்மார் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விதான் இது.

வற்றவில்லை, கூடிக்கொண்டிருக்கிறது. பிரசவத்துக்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் வரை கூடும். இதயமும் வழக்கத்தைவிட அதிகமாக இரத்தத்தை வெளித்தள்ளும். அப்படியும் பிரஷர் இறங்குகிறதென்றால், இரத்த நாளங்கள் அதற்கும் மேலாகத் தளர்ந்துவிட்டன என்று பொருள். புரொஜெஸ்டரோன் என்ற ஹோர்மோன், உடம்பே உண்டாக்கும் நைட்ரிக் ஒக்சைட் போன்றவை நாளச் சுவரை இளக்குகின்றன. முதல் சில வாரங்களிலேயே தொடங்கும் இந்தத் தளர்ச்சியால், ஐந்தாம் ஆறாம் மாதத்தில் பிரஷர் ஆகக் குறைந்த அளவுக்கு வரும். கடைசி மாதங்களில் பழைய அளவுக்கே ஏறிவிடும்.

மலையில் ஏறி இறங்கும்வரை கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். மடுவத்து வரிசையில் அசையாமல் நின்றால் இரத்தம் காலிலேயே தேங்கிவிடும். கழுத்து நாளத்திலுள்ள உணர்விகள் உடனே இதயத்தை விரட்டி, நாளங்களை இறுகச் சொல்லும். கர்ப்பிணியின் நரம்புகள் ஏற்கெனவே அதிகமாகத்தான் உத்தரவிடுகின்றன. தளர்ந்த நாளங்கள் அரைமனதோடுதான் கேட்கும். அந்த இடைவெளியில்தான் கண் இருட்டுகிறது. வரிசையில் நிற்கும்போது குதிகாலை உயர்த்தி உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்கட்டும். அவளுடைய கொழுந்தை முதலில் எடைபோடும்படி கங்காணியிடம் கேட்பதில் வெட்கம் வேண்டாம். மல்லாந்து படுத்தால் இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் பெருஞ்சிரையைக் கருப்பை அழுத்தும். இடப்பக்கம் சாய்ந்து படுப்பது நல்லது.

ஹீமோகுளோபின் குறைவா என்பது வேறு கணக்கு, அதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைப் பிளேன்டீயோடு விழுங்க வேண்டாம். தேயிலை இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. (தேயிலைத் தோட்டத்தில் இதைச் சொல்லி நல்ல பெயர் வாங்க முடியாது.)

95/60க்கு நான் பயப்பட மாட்டேன். எட்டாம் மாதத்தில் 135/85 என்றால் பயப்படுவேன். பலர் அதைச் சாதாரணம் என்று விட்டுவிடுகிறார்கள். கர்ப்பிணி அட்டையில் முதலில் எழுதிய அளவைப் பாருங்கள்: 95/60இல் இருந்தவளுக்கு அது பெரிய ஏற்றம். உயர் பிரஷர் என்று கணக்கிடும் 140/90ஐத் தொடும்வரை காத்திராமல் மிட்வைஃபிடம் காட்டுங்கள். கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் முகவீக்கம், இரத்தப்போக்கு, மயங்கி விழுதல், இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக் நாளைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.